தினமும் பத்து பத்துக்கு

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கும்போது ஒரு கணம் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாவட்டம் கன்னியாகுமரி, தாலுகா கல்குளம், சந்தேகமில்லாமல் தமிழ்நாடு. ஆனால் அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரித்த சமயத்து ஏற்பாடு. மண் நம்முடையது, சாவி அவர்களிடம். தரையைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார்கள், எனக்குப் புகாரில்லை.

இதே ஏற்பாடு உங்கள் கம்ப்யூட்டருக்குள் நடந்தால்தான் தொல்லை. பெட்டி உங்களுடையது, கரண்ட் பில் உங்களுடையது. சாவி மட்டும் எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருவரிடம். அவர் இஷ்டத்துக்கு விளம்பரம் வரும். நீங்கள் கூகுளைக் கூப்பிட்டால் வேறு எவனோ வந்து ‘என்ன வேணும் சார்?’ என்பான். ஆன்டிவைரஸ் இதைப் பார்த்துவிட்டு மூலையில் ஒரு பெட்டி போட்டுச் சொல்லும்: ‘பொட்டென்ஷியலி அன்வான்ட்டட் புரோகிராம்’. அதாவது, ஒருவேளை உங்களுக்கு வேண்டாததாக இருக்கக்கூடிய புரோகிராம்!

என்ன வழவழா பாஷை பாருங்கள். திருடன் என்றால் திருடன் என்று சொல்லேன்! சொல்ல முடியாது. காரணம், கோர்ட். இந்த புரோகிராம்கள் சுவரேறிக் குதித்து வருவதில்லை. இலவசமாக ஏதோ ஒன்றை இறக்கும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ என்று நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவை. நாற்பது பக்க ஒப்பந்தத்தில் முப்பத்தேழாவது பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் படித்தவர் யாராவது இருந்தால் கடிதம் எழுதவும்.

அமெரிக்காவில் ஸாங்கோ என்றொரு விளம்பர சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. சரியாகச் சொல்லாமல் ஜனங்கள் கம்ப்யூட்டரில் புகுந்ததற்காக, 2006-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையத்திடம் முப்பது லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷமே, ‘எங்கள் சரக்கை எப்படித் தடுக்கலாம்?’ என்று காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ் மேல் கேஸ் போட்டது. சர்க்கஸ் பார்க்கிறவனுக்குக்கூட இவ்வளவு தைரியம் கிடைக்காது. 2009-ல் அப்பீல் கோர்ட் காஸ்பர்ஸ்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஸாங்கோ அந்த வருஷமே கடையை மூடிவிட்டது. ஆனால் கேஸ் வரலாம் என்கிற பயத்தில், ஆன்டிவைரஸ்காரர்களுக்கு அந்த ‘ஒருவேளை’ என்கிற வார்த்தை ரொம்பவே சௌகரியம்.

பழைய வைரஸ்களுக்கு ஒரு யோக்கியம் இருந்தது. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸுக்குள் அவர்களின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் இருந்தன. இப்போது வருகிறவர்கள் விலாசம் தருவதில்லை, வியாபாரம் மட்டும் செய்கிறார்கள். 2016-ல் கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் இந்த வியாபாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைத் திணித்தால் பத்து சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கமிஷன். கூகுள் அப்போது வாரத்துக்கு ஆறு கோடிக்கு மேல் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது, நிஜ வைரஸ்களுக்குக் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இலவசம் என்பதன் விலை இதுதான்.

தக்கலையில் என் நண்பர் ஒருவர் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். அரசு வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிற பையன்கள் கூட்டம் எப்போதும் இருக்கும். போட்டோ இத்தனை கே.பி., கையெழுத்து இத்தனை கே.பி. என்று ஆளாளுக்கு ஒரு கணக்குக் கேட்பார்கள். சுருக்குவதற்கு இவர் ஏதோ இலவச கன்வர்ட்டரை இறக்கினார். அன்றிலிருந்து தினமும் காலை பத்து பத்துக்கு எச்சரிக்கை.

“மக்கா, இன்னைக்கும் வந்துட்டு பாத்துக்க. ரிமூவ் அமுக்குனேன். போயிட்டுன்னு சொல்லுகு. நாளைக்கு ஆளு பெறவும் வந்து நிக்கான்.”

“சரி, அப்புறம் என்ன செய்வீங்க?”

“எக்ஸ் அமுக்கிட்டு வேலையப் பாப்பேன். வேறென்ன செய்ய?”

இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை மட்டுமா இருக்கிறது? ஊர்ப் பையன்களின் ஆதார், மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’ ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை வரிசையாகக் கிடக்கின்றன. தினமும் எக்ஸ் அமுக்கிப் பழகிய விரல், நிஜத் திருடன் வருகிற அன்றைக்கும் எக்ஸைத்தான் அமுக்கும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறது என்றால் யாரோ மணி அடிக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்று ஒன்று உண்டு. இன்ன நேரத்தில் இன்ன வேலையைச் செய் என்று எழுதி வைக்கிற டைரி. திறந்து பார்த்தால், ‘அப்டேட்’ என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒரு வரி. காலை 10.10, எங்கோ போய் புரோகிராமை மறுபடி இறக்கு. ஆன்டிவைரஸ் விருந்தாளியைத் தினமும் வெளியே தள்ளுகிறது, கதவு திறந்துவிடுகிறவனைத் தொடவில்லை. அந்த வரியை அழித்தோம். கன்ட்ரோல் பேனலில் கன்வர்ட்டரை எடுத்தோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தூங்கிக்கொண்டிருந்த அதன் செட்அப் ஃபைலையும் எடுத்தோம். இதை விட்டால் அடுத்த ஸ்கேனில் அதையே காட்டி மறுபடி ஊளையிடும்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இன்னொரு வேடிக்கை. கடையில் அழித்தால், அதே கூகுள் கணக்கில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ‘சிங்க்’ என்ற பெயரில் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பிவிடும். இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் சில சமயம் இன்னும் தமாஷ் பண்ணும். சரக்கு போய்விட்டிருக்கும். தான் எழுதிவைத்த பழைய பதிவை ஸ்கேனில் தானே கண்டுபிடித்துக் கூவும், ஏட்டு தன் எஃப்.ஐ.ஆரையே கைது பண்ணுகிற மாதிரி.

கத்துவது ஆன்டிவைரஸ்தானா என்றும் ஒருமுறை பாருங்கள். ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்’ என்று மூலையில் வருவதில் பாதி, ஏதோ வெப்சைட்டில் ‘அலவ்’ அமுக்கியதால் வருகிற பிரவுசர் நோட்டிஃபிகேஷன். பெட்டியிலேயே குரோம் என்றோ எட்ஜ் என்றோ சின்னதாகப் போட்டிருக்கும், கீழே வெப்சைட் பெயரும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தப் பெயரை நீக்கினால் ஐந்து வைரஸும் ஒரே நொடியில் குணமாகும். அதில் இருக்கிற டெலிபோன் நம்பரைக் கூப்பிடாதீர்கள், மரியாதையாகப் பேசியே பேங்க் கணக்கைக் காலி பண்ணுவார்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதை கிராக் போட்டு வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை. அதன் குறிப்பில் முதல் வரியே பெரும்பாலும் ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்றிருக்கும். வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டு பீரோவைத் திறந்து வை என்று திருடனே எழுதிக் கொடுப்பது இது. செலவழிக்காமல் சுத்தம் பண்ண நினைப்பவர்களுக்கு மத்திய அரசு 2017-ல் ஆரம்பித்த ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இருக்கிறது. அதன் வெப்சைட்டில் இலவச ஸ்கேனர்கள் கிடைக்கும்.

எல்லாம் முடிந்த மறுநாள் பத்தே காலுக்கு நண்பரிடமிருந்து போன்.

“மக்கா, ஒண்ணும் வரல்லியே?”

“நல்லதுதானே?”

“இல்ல, ஆன்டிவைரஸ் செத்துப்போச்சோன்னு பயமாட்டு இருக்கு.”

அதற்கும் வழி உண்டு. ஐகார் என்கிற ஐரோப்பிய அமைப்பு, சோதனைக்கென்றே 68 எழுத்தில் ஒரு வரி வைத்திருக்கிறது. ஒரு தீங்கும் செய்யாது. நோட்பேடில் போட்டு சேவ் செய்தால், உயிரோடிருக்கிற ஆன்டிவைரஸ் அநேகமாக எதுவானாலும் அலறும். அனுப்பி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

“வந்துட்டுடே! செவப்பு கலர்ல! இப்பதான் சமாதானமாச்சு.”