கொல்லைப்புற வழியா?

"பையனுக்குப் படிப்பு ஏறல, பாலிடெக்னிக்ல போட்டுட்டோம்." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் டீக்கடைதோறும் இந்தப் பேச்சுதான். கெட்டிக்காரனுக்கு பிளஸ் டூ, மக்குக்கு டிப்ளமோ. டிப்ளமோ முடித்து பி.இ. சேர்ந்தால் அது கொல்லைப்புற வழி. ஊர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும். வாத்தியார்களும் சேர்ந்து சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விரல்விட்டே எண்ணிப் பார்க்கலாம். பத்தாவதுக்குப் பின் பிளஸ் டூ 2 வருஷம், பி.இ. 4 வருஷம். இந்தப் பக்கம் டிப்ளமோ 3, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. 3. இரண்டும் 6 தான். குறுக்குவழி எங்கே வந்தது?

அடுத்தவன் இடத்தைப் பறிக்கிறார்கள் என்பதும் வீண்பழி. டிப்ளமோக்காரர்களுக்கென அனுமதித்த இடங்களுக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாக ஒதுக்குகிறார்கள். அதுபோக, முதலாண்டில் காலியாய்க் கிடக்கும் இடங்கள். டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, கலந்தாய்வு. பல வருஷம் அதைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரிதான் நடத்தியது. வாசல் வழியாக, வரிசையில் நின்றுதான் போகிறார்கள்.

மலைக் குடும்பத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பூம்பாறையில் பூண்டு விலை படுத்த வருஷம் பி.இ. பாதியில் நின்றால் பையன் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ். பாலிடெக்னிக் வழியாக வந்தவனிடம் டிப்ளமோ இருக்கும். வேலைக்குப் போகலாம், கோவையில் வேலை பார்த்தபடியே பகுதிநேர பி.இ.யும் படிக்கலாம்.

படிப்பு ஏறாதவன் என்கிறார்களே, பழனியாண்டவர் பாலிடெக்னிக் போன்ற ஒன்றில் முதலாண்டுப் பட்டறைக்குள் போய் நின்று பார்க்கட்டும். வைஸில் பிடித்த இரும்புத் தகடு, கையில் அரம். ஒரு துண்டில் 'வி' வெட்டு, மற்றதில் அதற்குப் பொருந்தும் முனை. இரண்டையும் சேர்த்து விளக்கின் எதிரே பிடிப்பார் பயிற்றுநர். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். பதினாறு வயதில் இதைச் செய்தவனுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வழக்கமான வழியில் வராதவர் சாதித்ததற்கு நம் பக்கமே சாட்சி உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1907-இல் வந்த எவர்ஷெட், இங்கிலாந்தில் வேதிப்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபடி பொழுதுபோக்காக வானியல் கற்றவர். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் இந்த மலையிலிருந்துதான் கண்டுபிடித்தார். அவரிடம் யாரும் பிளஸ் டூ மார்க் கேட்கவில்லை. நம் கம்பெனிகளின் விண்ணப்பங்களில் மட்டும் அந்த மார்க்கைக் கேட்கும் கட்டம் இன்னும் இருக்கிறது.

இந்த வழியில் முள் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் செமஸ்டர் கணிதம் பலரைச் சாய்த்துவிடுகிறது. முதலாண்டு கணிதத்தை மற்றவர்கள் படித்திருக்க, இவன் படித்தது டிப்ளமோ கணிதம்; தமிழ்வழியில் படித்தவனுக்கு ஆங்கிலமும் சேர்ந்து அழுத்தும். சேர்க்கை முடிந்ததும் ஒரு மாதம் தனி வகுப்பு வைத்தால் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். அதைச் செய்யாத கல்லூரி, செமஸ்டர் முடிவில் அவன் அரியர் வைத்ததும் சொல்கிறது: "டிப்ளமோ பசங்கன்னாலே இப்படித்தான்."