'முடியாது' என்று சொன்னால் மரியாதை குறையாது!

நான் ஒரு இல்லத்தரசி. 11 வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். யார் துணி கொண்டு வந்தாலும், 'இப்ப முடியாதுங்க' என்று சொன்னதே இல்லை. சொன்னால் அடுத்த தடவை வேறு டெய்லரிடம் போய்விடுவார்களோ என்ற பயம்தான்!

போன தீபாவளிக்கு 60 ஜாக்கெட் சேர்ந்துவிட்டது. பகலெல்லாம் சமையல், பிள்ளைகளுக்கு டிபன், மாமியாருக்குப் பத்தியச் சாப்பாடு. ராத்திரி 10 மணிக்கு மேல்தான் மிஷினில் உட்காருவேன். கழுத்து வலி, கால் வீக்கம் எதையும் சட்டை செய்யவில்லை. ஒரு நாள் நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், பக்கத்துத் தெரு அக்காவின் பட்டு ஜாக்கெட் துணியில் கை அளவைத் தப்பாக வெட்டிவிட்டேன். அவர் மகளின் நிச்சயதார்த்தப் புடவையோடு வந்த துணி அது!

அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். அந்த அக்கா திட்டவில்லை. "முடியலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கூலி வாங்காமல், ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். தேதிக்கு ஒரு பக்கம். ஒரு நாளைக்கு 3 ஜாக்கெட்தான். பக்கம் நிறைந்துவிட்டால் அடுத்த தேதி. ராத்திரி 9 மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும் மிஷினுக்கு லீவு. முதல் மாசம் நாலைந்து பேர் போய்விட்டார்கள், வருமானமும் குறைந்தது. ஆனால், சொன்ன தேதிக்குத் துணி கைக்கு வருவதைப் பார்த்து, அவர்களில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

நோட்டு மட்டும் போதவில்லை. 2024ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினமும் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்தான். கிட்டத்தட்ட 5 மணி நேரம் வீட்டுக்கு உழைத்துவிட்டு, அதற்கு மேல் சம்பாதிக்கவும் உட்கார்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இதை என் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார். இப்போது காய் நறுக்குவதும், துணி காயப்போடுவதும் அவர் பொறுப்பு. பாத்திரம் தேய்ப்பது மகனுடைய வேலை.

தையலோ, டியூஷனோ, மாவு வியாபாரமோ... வீட்டிலிருந்து சம்பாதிக்கும் சகோதரிகளே! உடம்பு படுத்துவிட்டால், வந்த ஆர்டரெல்லாம் யாருக்கு? முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்வதும் தொழில் நாணயம்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.