நேரமா, இடைவெளியா?

ஆய்வு மாணவரின் ஏட்டுக்கட்டும், ஆசிரியரின் குறிப்பேடும், இல்லத்தின் ஆவணப் பெட்டியும் இன்று கணிப்பொறிக்குள் அடங்கிவிட்டன. அவற்றுக்குக் காப்பு நகல் எடுக்கும் பணியை அப்பொறியிடமே ஒப்படைத்துவிட்டு நாம் கவலையின்றி இருக்கிறோம். அக்கவலையின்மைக்கு அடிப்படை உண்டா என்பதே நம் வினா.

குறித்த நேரத்தில் பணிகளைத் தானே தொடங்கிவைக்கும் ‘கிரான்’ என்னும் நிரல் யூனிக்ஸ் உலகில் பிறந்தது. 1987-இல் பால் விக்சி எழுதிய வடிவம் பெரிதும் பரவியது. இரவும் பகலும் அணையாத பொறிகளுக்கு ஏற்ற முறை அது. டெபியன் லினக்ஸில் அன்றாடப் பணிகளுக்கு அது கொள்ளும் நேரம் காலை 6.25. நம் இல்லத்துப் பொறியோ மாலையில் விழித்து இரவில் உறங்குவது. 6.25-க்கு அணைந்திருந்தால் அன்றைய பணி தவறியதே. கிரான் அதைப் பின்னர்த் தேடிச் செய்வதில்லை, தவறியதைச் சொல்வதுமில்லை. வட்டு பழுதாகும் நாளில்தான் உண்மை வெளிப்படும். ஆய்வேடு அன்று நம் கையில் இராது.

இரவெல்லாம் பொறியை எரியவிடலாமே என்பர் சிலர். சில நிமிட வேலைக்கு ஓர் இரவின் மின்சாரமா? நாமே நினைவாகச் செய்யலாமே என்பர் வேறு சிலர். தேர்வும் ஆய்வேடும் நெருக்கும் காலத்தில்தான் மறதி மிகும். இழப்பும் அப்போதே பெரிது.

ஆதலின், வீட்டுப் பொறிக்கு அளவுகோல் நேரமன்று, இடைவெளியே என்கிறோம். ‘அனாகிரான்’ என்னும் நிரல் இவ்வழியே செல்கிறது. “இப்போது மணி என்ன?” என்று அது கேட்பதில்லை, “கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று?” என்றே கேட்கிறது. ஒவ்வொரு பணியும் முடிந்த தேதியைக் குறித்துவைத்து, பொறி இயங்கத் தொடங்கியதும் ஒப்பிட்டு, தவணை கடந்திருப்பின் சில நிமிடம் பொறுத்துச் செய்து முடிக்கிறது. விண்டோஸின் பணி அட்டவணையிலும், தவறிய பணியை இயன்றவரை விரைவில் தொடங்கும் விருப்பம் உண்டு. அதனை நாம்தான் தெரிவுசெய்தல் வேண்டும். மடிக்கணினியாயின், மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்குக என்னும் கட்டுப்பாட்டையும் நோக்குதல் நன்று.

எனினும், பொறி செய்ததாகச் சொல்வது ஒன்று, செய்திருப்பது மற்றொன்று. மாதம் ஒருமுறையேனும் ஒரு காப்பு நகலைத் திறந்து படித்துப் பார்ப்போம். பணியைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.