எட்டு மாத உபாத்தியாயர்

சென்ற தவணை முடிவில் மாணவர் சிலரைப் புளியந்தீவுக் கோட்டை பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை அது. சரித்திரம் கற்பிப்பதற்கு அதனினும் வசதியான சுவர்கள் கிழக்கிலங்கையில் இல்லை. பார்த்துவிட்டு வாவிக்கரை வழியாக நடந்து வருகையில், அங்கே நிற்கும் சிலையொன்றைக் காட்டி, அது யாருடையதென்று வினவினார்கள். வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியாருடையது என்றேன். 1814இல் வந்தவர், மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அடியிட்டவர் என்றும் சொன்னேன்.

"எவ்வளவு காலம் சேர் இங்கே இருந்தவர்?" என்றான் ஒருவன்.

"எட்டு மாதம். ஒன்பது நிறையவில்லை."

"எட்டு மாதம் இருந்தவருக்குச் சிலையோ? எத்தனை பேரை வேதத்திலே சேர்த்தவர்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கேள்வியிலே குறும்பு இருந்ததெனினும் நியாயமும் இருந்தது. நடுத்தெருவில் நின்று விடை சொல்ல இயலாமற் போனமையால், அதனை இவ்வாரத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

ஓல்டின் கதை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1813ஆம் ஆண்டின் கடைசி நாட்களிலே தொடங்குகின்றது. கம்பெனியார் ஆட்சியிலிருந்த இந்தியாவில் மிஷனரிமார் கால் வைப்பது அதுகாறும் எளிதாக இருக்கவில்லை. இலங்கையோ 1802 முதல் ஆங்கில அரசரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஆகவே தோமஸ் கோக் என்னும் வெஸ்லியன் சபைப் பெரியார் இலங்கையைத் தெரிந்தெடுத்தார். அவருக்கு அப்போது வயது அறுபத்தாறு. சபையோர் செலவுக்கு அஞ்சித் தயங்கியபோது, தம் சொந்தப் பொருளையே எடுத்து வைத்து, இளைஞர் சிலரையும் ஓர் அச்சியந்திரத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு கப்பல்களிலே புறப்பட்டுவிட்டார். கோக் ஒரு கப்பலில் இருந்தார். ஓல்டும் அவர் மனைவியாரும் மற்றையதில் இருந்தனர்.

அக்காலக் கப்பற் பயணத்தை நம் மாணவர்கள் ஆகாயவிமானத்தைக் கொண்டு அளத்தல் ஆகாது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டும். ஐந்து மாதம் கடலிலேயே கழியும். அவ்வைந்து மாதமும் அவர்களுக்குப் படிப்பும் பிரார்த்தனையுமாகவே கழிந்தன. முதியவரான கோக் கப்பலிலிருந்தபடியே போர்த்துக்கேய மொழியைக் கற்று, அதிலே பாடல்களை ஆக்கிக்கொண்டிருந்தார். இலங்கைக் கரையோரத்தில் அம்மொழி செல்லும் என்று கேள்வியுற்றிருந்தமையே காரணம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் அப்பேச்சு இன்றும் முற்றாக மறையவில்லை. ஆயினும் வாவியின் இரு கரையிலும் உழுது விதைத்து வாழ்ந்த மக்களோடு பேசுவதற்கு வேண்டிய மொழி தமிழ். அதனைக் கப்பலிலே கற்பிக்க ஒருவருமில்லை.

1814 பெப்ரவரியில், பயணம் பாதி கழியுமுன், ஓல்டின் மனைவியார் நோயுற்று இறந்தார். கடலிலே இறந்தவருக்குக் கடலே அடக்கநிலம். மே 3ஆந் திகதி காலையிலே கோக் தமது அறையில் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டார். அவரையும் இந்து சமுத்திரம் ஏற்றுக்கொண்டது. தலைவர் பெயரிலேயே பணக்கடிதங்கள் இருந்தமையால், அம்மாதம் 21ஆந் திகதி பம்பாயில் இறங்கிய இளைஞர்களுக்குக் கையிலே காசு இல்லை. கப்பற்றலைவர் அவர்களை ஒரு வணிகரிடம் அழைத்துச் சென்றார். அவர் கோக்கின் பெயரை நம்பிக் கடன் கொடுத்தார். அந்த வணிகரின் பெயரே மணி என்பது. ஆங்கிலத்தில் அதற்குப் பணம் என்று பொருள். இது கட்டுக்கதை அன்று.

ஜூன் 29இல் காலித் துறையிலே இறங்கினார்கள். தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களை வரவேற்றார். வரவேற்பில் அரசாங்கத்தின் நோக்கமும் கலந்திருந்தது. பிரதான பட்டினங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தால் மாதந்தோறும் உதவிப்பணம் தருவதாகச் சொன்னார்கள். பிரசங்கம் செய்ய வந்தவர்களுக்கு உபாத்தியாயர் தொழில் கிடைத்தது. தங்களுக்குள் கூடிப் பிரார்த்தித்து இடங்களை வகுத்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்குச் சென்றனர். வேறிருவர் காலிக்கும் மாத்தறைக்கும் உரியவராயினர். மட்டக்களப்பு ஓல்டுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இருவர் துணையாகப் போக, மனைவியை இழந்து சில மாதங்களே ஆன ஒருவர் தனியே இங்கு வந்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் சற்றுத் துணுக்குறும். அவர் மறுத்ததாகத் தெரியவில்லை.

அவர் வந்து சேர்ந்த நாடு வெற்றுப் பாத்திரமன்று. சில சிலை திறப்புச் சொற்பொழிவுகளைக் கேட்டால், பாதிரிமார் வருமுன் இங்கே எழுத்தும் இல்லை, இறைவணக்கமும் இல்லை என்று தோன்றும். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டிலும் திண்ணைகளிலே பிள்ளைகள் மணலில் எழுதி, ஏட்டிலே படித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீசுவரர் இருந்தார். அமிர்தகழியில் மாமாங்கேசுவரர் இருந்தார். ஊருக்கு ஊர் கண்ணகியம்மன் கோயில்கள் இருந்தன. வைகாசியிலே அம்மனுக்குக் குளிர்த்தி செய்து, வெப்பும் நோயும் ஊரை விட்டு அகல வேண்டுவார்கள்.

ஓல்ட் மட்டக்களப்பை அடைந்தபோது அவ்வாண்டின் வைகாசி முடிந்துவிட்டது. அடுத்த வைகாசி வருமுன் அவர் இறந்துவிட்டார். ஆகவே இந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் கூடிச் செய்யும் பெரும் பிரார்த்தனையை அவர் காணவேயில்லை. மண்டூரிலே ஆவணி உற்சவம் நடந்த நாட்களில் அவர் வாவியின் மறுகரையில் இருந்தார். மண்டூர் முருகனுக்குப் பூசை செய்வோர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாது மௌனமாகவே பூசை செய்வர். ஓல்டின் வழிபாடோ முற்றும் சொல்லால் ஆனது: வாசிப்பு, பாட்டு, பிரசங்கம், மனம் விட்டுச் செய்யும் செபம். அச்சொற்களை இங்குள்ளோர்க்கு எட்டச் செய்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அருகே நிறுத்தவேண்டியிருந்தது. பிறர் வாயால் பாடம் சொல்வதே இடர். பிறர் வாயால் செபஞ் செய்வது எத்துணை இடர் என்பதை வாசகர் ஊகிக்கலாம். தமிழ் கற்கத் தொடங்கினார். ஆனால் எட்டு மாதத்தில் தமிழிலே மனம் விட்டுப் பேச எவரால் இயலும்? இங்கே பிறந்து வளர்ந்த என் மாணவர்களுக்கே பரீட்சைத் தாளில் அது வாய்ப்பதில்லை.

பாடசாலையில் அவ்வளவு இடர் இல்லை. கரும்பலகையும் எண்ணும் இருந்தால் உபாத்தியாயரும் பிள்ளையும் மொழியில்லாமலே பாதி வழி வந்துவிடலாம். அந்தச் சில மாதங்களில் மட்டக்களப்பிலும் சுற்றுப்புறங்களிலும் எட்டுப் பாடசாலைகளை அவர் அமைத்தார். மாதத்துக்கு ஒன்று! இன்று ஒரு வகுப்பறைக்குக் கூரை போடுவதற்கு நாம் எழுதும் கடிதங்களை எண்ணினால் வெட்கமாக இருக்கின்றது. தோணியிலும் கால்நடையிலும் ஊர் ஊராகச் செல்லவேண்டிய வேலை அது. அலைச்சலும் காய்ச்சலும் சேர்ந்து அவரை வீழ்த்தின. 1815 ஏப்ரல் 1ஆந் திகதி உயிர் பிரிந்தது. மட்டக்களப்பு மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் தொடக்கிய பாடசாலையே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்து, 2014இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது.

நிற்க. நான் இந்து, சைவக் குடியிற் பிறந்தவன். மிஷன் பாடசாலைகளைப் புகழ்ந்து முடித்துவிட்டால் என் பாட்டனார் ஆவி என்னை மன்னிக்காது. எழுத்துக்கு விலையாக வேதாகமப் பாடம் வைக்கப்பட்டது. ஆங்கிலம் வேண்டிய சைவப் பிள்ளை நெற்றித் திருநீற்றைப் பற்றிக் கூச்சப்படும் நிலை வந்தது. ஆளுவோருக்குக் கிளாக்கர்மார் வேண்டியிருந்ததும் இக்கதையின் ஒரு பகுதியே. தம் தெய்வத்தைத் தவிர ஏனையவை பொய்யென்ற நம்பிக்கையோடுதான் ஓல்டும் கப்பலேறினார். அதை மறைத்து அவரைப் பொதுவான கல்விக் கொடையாளராக மாத்திரம் காட்டுவது, அவருக்கே நாம் செய்யும் அநீதி. மனைவியைக் கடலில் விட்ட பின்னும் அவரை முன்னே நடத்தியது அந்த நம்பிக்கையே.

ஆயினும் பயன் எவ்வழிச் சென்றது என்று பாருங்கள். ஓல்டின் தோழர்கள் யாழ்ப்பாணத்தில் நிறுவிய மிஷனின் ஆங்கிலப் பாடசாலையிலேதான் ஆறுமுக நாவலர் பயின்றார், அங்கேயே கற்பித்தார், பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைநின்றார். அந்தப் பாதிரிமாரிடம் கண்ட பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் ஆகிய மூன்று கருவிகளையும் எடுத்துச் சைவத்துக்கே ஆக்கினார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப் பாடசாலை அதன் முதற் கனி. மட்டக்களப்புப் பக்கத்தில் இதற்கு இணை சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர், மெதடிஸ்தருடைய பாடசாலையிலும் பின்னர் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். துறவு பூண்டு மீண்டவர் 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவியின் ஒரு பக்கத்தில் ஓல்டின் கல்லூரி. பாலத்தைக் கடந்தால் சுவாமியின் வித்தியாலயமும் சமாதியும். இரண்டுக்கும் இடையே நடந்து செல்லலாம். மிஷன் பாடசாலை தந்த ஆங்கிலமும் விஞ்ஞானமும் இல்லையேல், யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் வெளிவந்த யாழ் நூல் அந்த வடிவில் வந்திருக்குமோ என்பது ஐயம். ஓல்ட் இதைக் கேட்டால் மகிழ்வாரோ வருந்துவாரோ! இரண்டும் என்று நினைக்கின்றேன்.

வாவிக்கரையிலே கற்ற தமிழ் கடல் கடந்ததும் உண்டு. ரால்ப் ஸ்டொட் என்பவர் ஓல்டுக்குப் பின் மட்டக்களப்பிற் பல்லாண்டு பணிசெய்து, வேடர் வாழ்ந்த காடுகளுக்கும் சென்றவர். 1860 நவம்பர் முதல் தென்னாபிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டபோது, அவர்களோடு அவர்கள் மொழியிலே பேசவல்ல பாதிரியார் ஒருவரைத் தேடினார்கள். 1862இல் முதுமையை நெருங்கிய ஸ்டொட் டர்பனுக்கு அனுப்பப்பட்டார். சொந்த ஊரை விட்டுப் பிரிந்த தமிழனுக்கு, வெள்ளைக்காரர் ஒருவர் வாயிலிருந்து மட்டக்களப்பு வாடையோடு தமிழ் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்?

சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து யேசுசபைத் துறவிகள் சிலர் இதே வாவிக்கரைக்கு வந்தார்கள். 1948இல் வந்தவர்களில் ஹெபேர்ட் அடிகள் ஒருவர். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, பின்னர் இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி, கலவரச் சூழலில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞனோடு காணாமற் போனார். அவரைக் கண்டவர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. ஊர் முழுவதும் பிள்ளைகளைத் தேடிய காலத்தில், அவரும் தேடப்படுபவர்களில் ஒருவரானார்.

அதே ஆண்டில் வந்தவர் ஹரி மில்லர் அடிகள். புனித மிக்கேல் கல்லூரியிலே கற்பித்து அதிபராகவும் விளங்கினார். போர்க்காலத்தில், காணாமற் போனவர்களின் தாய்மார் வந்து சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிவைத்து, அதிகாரிகளிடமும் இயக்கத்தவரிடமும் சென்று வாதாடினார். சமாதானக் குழுவிலும் இருந்தார். அவரிடம் வந்த தாய்மாரிற் பலர் சைவர்கள். அவர்களிடம் அவர் சமயம் கேட்டதில்லை என்று இங்குள்ளோர் சொல்வர்.

அன்றைய மாணவனை அடுத்த நாள் வகுப்பிலே அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். எண்ணிக்கை கேட்டவனுக்கு எட்டுப் பாடசாலை என்ற எண்ணிக்கை பிடித்திருந்தது. நாவலரும் விபுலானந்தரும் அக்கணக்கில் வந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "மில்லர் அடிகள் கடைசியிலே தன்ரை ஊருக்குப் போனவரோ சேர்?" என்று கேட்டான்.

போனார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே, அறுபது ஆண்டுகளுக்குப் பின், இனி ஓய்வென்று பிறந்த ஊரான நியூ ஓர்லியன்சுக்குப் போனார். சில மாதங்களுக்கு மேல் அங்கே அவரால் இருக்க முடியவில்லை. மட்டக்களப்புக்கே திரும்பிவந்து, 2017 ஜனவரி முதல் நாள், தொண்ணூற்றொரு வயதில், இங்கேயே கண்மூடினார்.