கிரிக் சாலைக்கு ஒரு ஸ்பேனர்

பேராக் மாநிலத்தின் கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை மோட்டார் சைக்கிளோட்டிகள் பெரிதும் விரும்புகின்றனர். சுமார் 120 கிலோமீட்டர், இருபுறமும் காடு. மழைச்சட்டையை யாரும் மறப்பதில்லை. கருவிகளைப் பற்றிக் கேட்டால், “கைப்பேசி இருக்கிறதே!” என்று சொல்லும் இளையோர் உண்டு. இந்த எண்ணம் சரியன்று. அந்தச் சாலையில் சில இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைப்பதில்லை. பழுதுபார்க்கும் கடைகளும் அரிது. இருட்டினால் காட்டு யானைகள் சாலைக்கு வரக்கூடும்.

எதை எடுத்துச் செல்வது என்பதை வண்டியின் டயரே முடிவு செய்கிறது. கம்பிச் சக்கரம் கொண்ட கப்சாய் வண்டிகளில் பெரும்பாலும் டயருக்குள் டியூப் இருக்கும். அதற்கு மாற்று டியூப், டயரை நெம்பும் இரண்டு கம்பிகள், சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், சிறிய காற்றுப் பம்பு ஆகியவை தேவை. டியூப் இல்லாத டயராக இருந்தால் வேலை எளிது. சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, துளையில் ஒட்டும் ரப்பர்த் திரியைச் செருகிக் காற்றடிக்கலாம். நண்பரின் பையைப் பார்த்து அதே கருவிகளை வாங்குவது வீண் செலவு. கைவிளக்கு மட்டும் எல்லாருக்கும் வேண்டும்.

கருவி இருந்தும் தவிப்பவர்கள் உண்டு. கடையில் இயந்திரத்தால் முடுக்கிய நட்டு, குட்டை ஸ்பேனருக்கு எளிதில் அசையாது. இதைக் காட்டுச் சாலையில் கண்டுபிடிப்பதைவிட வீட்டு வாசலில் கண்டுபிடிப்பது மேல். புறப்படுவதற்கு முந்திய வாரமே பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கை அழுக்காகும், வாசலில் எண்ணெய் சிந்தினால் அம்மாவும் திட்டக்கூடும். சங்கிலியின் தொய்வையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.