நிறத்தைப் பார்த்து மயங்காதீங்க!

போன லீவுக்கு 'கலர் மீன் வேணும்' என்று அடம் பிடித்த உங்கள் வீட்டு வாண்டு, இந்த லீவுக்கு 'தவளை வேணும்' என்கிறதா? கடைத் தொட்டியில் வெள்ளை வெளேரென்று நீந்தும் குட்டியைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஆசை வரும்தான். பர்ஸைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம்...

அந்த வெள்ளைக் குட்டி பெரும்பாலும் ஆப்பிரிக்க நகத் தவளை. (1930-களில் தொடங்கி 60-கள் வரை பல நாடுகளில் கர்ப்பப் பரிசோதனைக்கு உதவிய புண்ணியவதி! பெண்ணின் சிறுநீரை இதற்கு ஊசியில் ஏற்றுவார்கள். கர்ப்பம் என்றால் மறுநாளுக்குள் முட்டையிட்டுவிடும்.) இன்றைக்குச் சுண்டுவிரல் சைஸ்தான். வளர்ந்தால் 10 செ.மீ.யைத் தாண்டும். 15 வருஷம்கூட வாழும். வாய்க்குள் அடங்குகிற மீனையெல்லாம் விழுங்கும். உங்கள் கப்பி மீன்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகும்போதுதான் விஷயமே புரியும்!

இதற்கே சாயம் ஏற்றி நீலம், பச்சை என்று விற்பதும் உண்டு. தொடவே தொடாதீங்க. தவளை தண்ணீரை உறிஞ்சுவதே தோல் வழியாகத்தான். அந்தத் தோலில் போய்ச் சாயமா?

நிஜமாகவே கலர் கொண்டவை, தென் அமெரிக்காவின் விஷ அம்புத் தவளைகள். காட்டில் தின்னும் எறும்பு, உண்ணிகளில் இருந்துதான் அவற்றுக்கு விஷம் சேருகிறது. தொட்டியில் பிறந்து வளர்ந்ததற்கு அது கிடையாது. பிரச்னை நம்ம ஊர் வெயில். மே மாசத்தில் ராப்பகலாய் ஏ.சி. போட வேண்டியிருக்கும். போதாததற்கு, 2022-ல் திருத்திய வன உயிரினச் சட்டப்படி பதிவும் செய்தாக வேண்டும். இதெல்லாம் நமக்கு எதுக்கு?

சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு, ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைக்கு. அழகு என்று சொல்ல முடியாது, மங்கின பழுப்பு. ஆனால் 4 செ.மீ.க்கு மேல் வளராது. 20 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி நிம்மதியாய் இருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க முன்னங்காலைப் பாருங்க. விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளன். இல்லாவிட்டால் நகத் தவளை. தொட்டிக்கு மூடி அவசியம். மேலே வந்து மூச்சு விடும் என்பதால் மூடிக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விடுங்க.

இனிமேல்தான் முக்கியமான சமாச்சாரம். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் 42 மாநிலங்களில் 241 பேருக்கு சால்மொனெல்லா கிருமி தொற்றியது. பெரும்பாலும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பேதி, ஜுரம், சிலருக்கு ஆஸ்பத்திரி வாசம். கிருமி வந்தது நான் சிபாரிசு செய்த இதே குள்ளத் தவளையிடமிருந்து! தவளை ஆரோக்கியமாகத்தான் இருக்கும், தண்ணீரில்தான் கிருமி. தவளையைத் தொடாத குழந்தைக்கும் தொட்டித் தண்ணீர் மூலம் வரலாம்.

அதனால் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீங்க. குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்திலும் வேண்டாம். பழைய தண்ணீரைக் கொத்தமல்லிப் பாத்தியில் ஊற்றாமல் டாய்லெட்டில் கொட்டுங்க. தொட்டியில் கை வைத்தவர் யாரானாலும் சோப்புப் போட்டுக் கழுவணும்.

வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்பு சக்தி குறைந்த பெரியவர் யாராவது இருக்கிறார்களா? அப்படியானால் இப்போதைக்குத் தவளையே வேண்டாம். வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ரெண்டு நாளில் சரியாகிவிடும்.