கம்பத்தில் ஏறுகிறவனைக் காப்பாற்றுங்கள்

அமரவிளையிலும் பாறசாலையிலும் களியக்காவிளைப் பக்கமும் இருக்கிற என் சொந்தங்களே, அண்ணன்மாரே, அக்காமாரே,

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் அயினியும் முறிந்து லைன்மேல் கிடந்தன. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. வள்ளவிளையிலும் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு, ஒரு சேதி விசாரிக்கப் போனில் சார்ஜ் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கரண்டு வரிசைப்படிதான் திரும்பும்: முதலில் சப்ஸ்டேஷன், அப்புறம் 11 கே.வி. லைன், ட்ரான்ஸ்பார்மர், கடைசியில்தான் நம் வீட்டு சர்வீஸ் வயர். பக்கத்துத் தெருவில் விளக்கு எரிகிறதே என்று லைன்மேனிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

என்னை உறங்கவிடாத விஷயம் ஜெனரேட்டர். வெளி லைனைத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், கரண்டு சர்வீஸ் வயர் வழியே வெளியேறி ட்ரான்ஸ்பார்மருக்குப் போகும். இந்தப் பக்கம் 230 வோல்ட்டாக நுழைந்தது, அந்தப் பக்கம் 11,000 வோல்ட் வரை ஏறிவிடும். சப்ளை ஆஃப் என்று நம்பி ஏறியவன் கை அந்தக் கம்பியில் இருக்கும். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

1956 நவம்பர் 1 அன்று நமக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது; இன்று நெய்யாற்றின்கரைக்குக் கேரள மின்வாரியம், விளவங்கோட்டுக்குத் தமிழ்நாட்டு வாரியம். ஆனால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் போன சுமார் 25 லட்சம் இணைப்புகளைச் சரிசெய்து மூச்சு விட்ட கேரள ஊழியர்கள், அந்த நவம்பரிலேயே கஜா புயல் சாய்த்த கம்பங்களை நிறுத்தத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். நாளை நமக்கும் வெளியூர்க்காரர்கள் வரலாம். நம் விளைகளும் இடவழிகளும் அவர்களுக்குத் தெரியாது. வார்டுக்கு இரண்டு பையன்கள் அவர்களோடு நடக்கட்டும். எந்த வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினை நம்பி ஒருவர் கிடக்கிறார் என்பதும் அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சூடாகக் கஞ்சியும் பயறும், தலை சாய்க்க ஒரு பள்ளிக்கூட வராந்தாவும் கொடுங்கள்.

இங்கே 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் பாத்தினாக் கரையை அடித்தபோது, மஸ்கட்டிலிருந்து ஆட்கள் வண்டி வண்டியாகப் போய் வீடுகளில் ஏறிய சேற்றை அள்ளினார்கள். யாரும் யாரையும் எந்த நாடு என்று கேட்கவில்லை.

லைனில் உரசும் கொப்புகளைப் பற்றி இப்போதே செக்ஷன் ஆபீசில் சொல்லுங்கள். நீங்களே தோட்டியோடு ஏறாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் பக்கத்தில் போகாமல், யாரையும் போகவிடாமல், கேரளப் பக்கத்தில் 9496010101 எண்ணுக்கு அழையுங்கள். ஜெனரேட்டர் இருந்தும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீடுகளின் பட்டியலை இங்கே மஸ்கட்டில் இருக்கும் எங்களுக்கு அனுப்புங்கள். வாங்க முடியாத வீடுகளுக்கு சுவிட்ச் பணமும் எலக்ட்ரீஷியன் கூலியும் இங்கிருந்து வரும். மழைக்கு முன்னால் மாட்டி முடித்துவிடுவோம்.

உங்கள்,
மஸ்கட்டில் இருக்கும் அமரவிளைக்காரன்